கீழ் ராக்கு

போன மாதம் கடைக்கு ஒரு புதுப்பெண் வேலைக்கு வந்தாள். எங்கள் ஊர்ப்பக்கம்தான். பத்தொன்பது வயது இருக்கும். மத்தியானம் மூன்று மணி, கடையில் ஈ ஆடவில்லை. திடீரென்று ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால் கவுண்டருக்குப் பின்னால் கீழ் ராக்குக்கு முன்னே குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அட்டைப்பெட்டியை வெளியே இழுக்கிறாள், உள்ளே தள்ளுகிறாள். மறுபடி இழுக்கிறாள். எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வித்தையை உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற பெண்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது. ஆனால் கீழ் ராக்கில் இருக்கும் பெட்டியை நின்றுகொண்டு எடுக்க முடியாது, குனிந்தோ குத்தவைத்தோதான் ஆகவேண்டும். கேமராவில் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரியே இருக்கும். இரண்டு நிமிஷம் கிடைக்கும், சாமர்த்தியம் இருந்தால் மூன்று. நான் சென்னையில் மூன்று வருஷம் உட்கார்ந்ததெல்லாம் இப்படி இரண்டு இரண்டு நிமிஷமாகத்தான்.

எனக்கு ஊர் நாச்சியாபுரம். காரைக்குடிப் பக்கம், குன்றக்குடிக்கு அருகில். செட்டிநாட்டு ஊர் என்றதும் பெரிய வீடு, ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாம் உண்டு. நாங்கள் அந்த வீட்டுக்காரர்கள் இல்லை. அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிறவர்கள். அம்மா ஒரு செட்டியார் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்க்கிறாள். முகப்பில் ஆரம்பித்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று பெருக்கி முடிக்கவே பாதி நாள் போய்விடும்.

ஜவுளிக்கடை வேலையாட்கள் படும் பாட்டைச் சொன்ன 'அங்காடித் தெரு' படம் 2010-ல் வந்தது. டிவியில் போட்டபோது அம்மா மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். 2011-ல் நான் பிளஸ் டூ முடித்தேன். மேலே படிக்க வைக்க வழியில்லை. அதே அம்மா என்னைச் சென்னைக்கு பஸ் ஏற்றிவிட்டாள். "அது சினிமாடி" என்று சொல்லித்தான் ஏற்றினாள்.

கடையின் பெயர் வேண்டாம். பெரிய கடை. காலை ஒன்பதரைக்கு வரிசையில் நிற்க ஆரம்பித்தால் இரவு பத்து வரை நிற்கவேண்டும். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். அந்த நேரத்தில் பெஞ்சில் இடம் கிடைத்தால் உட்காரலாம். சுவரில் சாய்ந்தால் பைன். பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும், திரும்பி வந்ததையும் சொல்லவேண்டும். தண்ணீர் குடித்தால்தானே பாத்ரூம் என்று நாங்கள் தண்ணீரையே குறைத்துவிட்டோம். ராத்திரி ஹாஸ்டலில் ஒரே பக்கெட்டில் வெந்நீரும் உப்பும் போட்டு மூன்று பேர் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஊர்க்கதையெல்லாம் பேசியது அந்த பக்கெட்டைச் சுற்றித்தான்.

அழுகைக் கதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். அந்தக் கடையில் நான் தொழில் படித்தேன். ஒரு சேலையை இடது கையில் வைத்துக்கொண்டு வலது கையால் ஒரே உதறில் முந்தானையை அம்மாக்கள் மடிமேல் போய் விழும்படி விரிப்பது, விரித்த சேலையைத் தாடையில் கவ்விக்கொண்டு மடிப்புக் கலையாமல் பத்து நொடியில் மடித்து வைப்பது, இதெல்லாம் கைக்கு வந்தது. யார் வாங்க வந்தவர், யார் ஏசி காற்று வாங்க வந்தவர் என்று செருப்புக் கழற்றுகிற விதத்திலேயே தெரிந்துவிடும். கல்யாணச் சேலைக்கு வந்த கூட்டத்தில் முடிவு எடுப்பது பெண்ணா, பெண்ணின் அத்தையா, மூலையில் பேசாமல் நிற்கிற அப்பாவா என்பதை முதல் ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடுவேன். பெரும்பாலும் அத்தைதான். ஒரு ஆடித் தள்ளுபடியில் எங்கள் கவுண்டர்தான் முதலில் வந்தது. அதற்கு இன்சென்டிவ் என்று ஏதோ கொடுத்தார்கள். எந்தக் கணக்கில் அவ்வளவு என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு கணக்கு? போட்டதை வாங்கிட்டுப் போ" என்றார் சூப்பர்வைசர்.

அந்த மூன்று வருஷத்தில் எனக்கு ஒரு காகிதத்தைக்கூடக் காட்டியதில்லை. சேலை எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு வருகிறது, எதில் லாபம், எதில் நஷ்டம் எதுவும் தெரியாது. கை வேலை செய்தது, கால் நின்றது. தலைக்கு அங்கே வேலையே இல்லை.

2014 தீபாவளி முடிந்ததும் காலில் நரம்பு புடைத்துக்கொண்டது. டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். காலுக்குப் போன ரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைச் சதைதானாம். நடந்தால் சதை பிழிந்து பிழிந்து தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கி, ரத்தக் குழாய்க்குள் இருக்கும் வால்வு தளர்ந்துவிடும். "நடங்க, இல்லாட்டி உட்காருங்க. நிக்காதீங்க" என்றார். கடையில் போய் அதைச் சொன்னேன். கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். முடித்தார்கள் என்பதும் பேச்சுக்குத்தான். கடைசி மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. இனியா வரப்போகிறது?

ஊருக்கு வந்து இரண்டு மாதம் சும்மா கிடந்தேன். அம்மாவுக்குத் துணையாகச் செட்டியார் வீட்டுக்குப் போவேன். அங்கே ஐயாவும் ஆச்சியும் மட்டும்தான், பிள்ளைகள் வெளிநாட்டில். ஐயாவுக்கு அப்போதே எழுபத்தெட்டு வயது. கண் புரை அறுவை முடிந்து படிக்க முடியாமல் இருந்தார். மின்சார பில், பால் கணக்கு எல்லாம் என்னைப் படிக்கச் சொல்வார். நான் படித்து முடிப்பதற்குள் கூட்டுத்தொகையைச் சொல்லிவிடுவார். எப்படி ஐயா என்று கேட்டேன். "பெட்டியடியில கத்துக்கிட்டது ஆத்தா" என்றார்.

அந்தக் கதையைக் கேட்கத்தான் தினமும் போக ஆரம்பித்தேன்.

1952-ல், பதினாறு வயதில், நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் பினாங்கு போயிருக்கிறார். 1926-ல் இருந்து ஐம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய கப்பல் அது. நம்ம ஊர்ப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் ரஜுலா கதை ஒன்று வைத்திருப்பார்கள், பாதிக்கு மேல் வாந்தி எடுத்த கதைதான். வட்டித் தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் கடல் தாண்டிப் போவதை 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். ஐயா போனது பெட்டியடிப் பையனாக. ஒரு மார்க்காவில், அதாவது ஒரு செட்டியார் வட்டிக்கடையில், மேலாள் ஒருத்தர், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். கூலியைப் பார்த்தால் கடைசி ஆள்தான். ஆனால் உட்காரும் இடம் மேலாளின் பெட்டிக்குப் பக்கத்தில். பெயரிலேயே இருக்கிறதே, பெட்டி அடி.

பினாங்குத் தெருவில் இருந்த கிட்டங்கியை அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கண்முன்னே வந்தது. நீளமான கூடம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மார்க்காவுக்கும் ஒரு பாய் அகல இடம், ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு அலமாரி. நாற்காலி கிடையாது. எல்லோரும் தரையில் சம்மணம் போட்டுத்தான். பகலில் எங்கே கணக்கு எழுதினாரோ அங்கேயே ராத்திரி படுக்கை. பையன்தான் முதலில் எழுந்திருக்கவேண்டும். கூட்டி, தண்ணீர் தெளித்து, மைக்கூட்டை நிரப்பி, அன்றாட வரவு செலவு எழுதும் சிட்டையை எடுத்து வைக்கவேண்டும். பிறகு முழுநாளும் மேலாள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும். கடன் கேட்டு வருகிறவனிடம் என்ன கேட்கிறார், யாருக்கு இல்லை என்கிறார், இல்லை என்பதைக் கோபம் வராமல் எப்படிச் சொல்கிறார். அவன் போனபிறகு பையனைப் பார்த்து, "ஏன் குடுக்கலை, சொல்லு பாப்போம்" என்பாராம். மூன்று வருஷம் ஒரு தவணை. அது முடிந்ததும் ஐந்தொகை போட்டு, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வரலாம்.

நான் கேட்டேன்: "மூணு வருசமா ஊருக்கே வரமாட்டீகளா ஐயா?"

"வரமுடியாது. எங்க அப்பச்சி செத்ததே கடுதாசியிலதான் தெரியும்" என்றார். அடுத்தாள் அடிப்பாராம். கூட்டல் தப்பினால் மேலாள் பேரேட்டை முகத்தில் எறிந்திருக்கிறார். இப்போது யாராவது அந்தக் காலம் மாதிரி வருமா என்று பேச ஆரம்பித்தால் எனக்கு அந்தப் பேரேடுதான் ஞாபகம் வரும். இன்னொன்றும் உண்டு. அந்தப் பெட்டியடியில் உட்கார அவர்கள் வீட்டுப் பையனாகப் பிறந்திருக்கவேண்டும். என் தாத்தா அதே கப்பலில் போயிருந்தால் அடுப்படியில்தான் நின்றிருப்பார்.

ஆனாலும் ஒன்று உறைத்தது. அவருக்கும் மூன்று வருஷம், எனக்கும் மூன்று வருஷம். இரண்டு பேருமே கடைசி ஆள்தான். மூன்று வருஷம் முடிந்தபோது அவருக்கு ஒரு கடையைத் தனியாக நடத்தத் தெரிந்திருந்தது. எனக்குச் சேலை மடிக்கத் தெரிந்திருந்தது.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "எனக்குக் கணக்கு சொல்லிக் குடுப்பீகளா?" என்று கேட்டேன். ஐயா பதில் சொல்வதற்கு முன்பே உள்ளே இருந்து ஆச்சி, "சொல்லிக் குடுங்க. எங்க மாமியா காணி, முந்திரியெல்லாம் வாயாலயே போடுவாக. பொம்பளைக்கு வராதா என்ன?" என்றார்கள். முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. காணி எண்பதில் ஒன்று. ஆச்சியின் சீதனப் பணத்துக்கு வட்டிக் கணக்கை ஆச்சியேதான் எழுதி வந்தார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐயா திண்ணையில் இருந்தார். "மேல வந்து உக்காரு" என்றார். நான் படியிலேயே நின்றேன். அந்தத் திண்ணையை அம்மா ஆயிரம் தடவை துடைத்திருக்கிறாள். அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "நின்னுக்கிட்டு ஐந்தொகை போடமுடியாது ஆத்தா" என்றார். உட்கார்ந்தேன். தூணுக்குப் பக்கத்தில், விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடுகிற மாதிரி. அம்மா உள்ளே இருந்து துடைப்பத்தோடு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தபிறகுதான் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

பாடத்துக்கென்று புத்தகம் ஏதும் இல்லை. அந்த வீட்டுக் கணக்கையே எழுதச் சொன்னார். நீள நோட்டு, மேலே பிள்ளையார் சுழி, அன்றாடம் சிட்டை. சிட்டையிலிருந்து பேரேட்டுக்குத் தலைப்பு வாரியாக ஏற்றவேண்டும். பால் ஒரு பக்கம், மளிகை ஒரு பக்கம், கோவில் மகமை ஒரு பக்கம். மாதம் முடிந்தால் எல்லாத் தலைப்பையும் கூட்டி எடுத்து ஐந்தொகை. இரண்டு பக்கமும் சரியாக வந்து நிற்கவேண்டும். எட்டு ரூபாய் இடித்தால் எட்டு ரூபாயைத் தேடவேண்டும். ஒருமுறை அப்படி மூன்று நாள் தேடினேன். என் கையில் இருந்து போட்டுச் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். ஐயாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "தப்பு இருக்கட்டும், அது எங்க இருக்குன்னு தெரியாம மூடக்கூடாது" என்றார். ஒரு ஐந்தை மூன்றாகவும், ஒரு ஏழை ஒன்றாகவும் எழுதியிருந்தேன். என் கையெழுத்து லட்சணம்.

நாலாவது மாதம் பழைய நோட்டுகளையும் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'வீட்டுவேலை சம்பளம்' என்று ஒரு தலைப்பு. அது என் அம்மா. 2011-லிருந்து ஒரே எண். பால் ஏறியிருக்கிறது, அரிசி ஏறியிருக்கிறது, மின்சாரம் ஏறியிருக்கிறது, இந்த வரி மட்டும் அசையவில்லை. அன்றைக்கு முழுக்க என்னால் பேச முடியவில்லை. மறுநாள் நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். "ஐயா, எல்லாத் தலைப்பும் ஏறியிருக்கு. இது ஒண்ணுதான் நாலு வருசமா மாறலை."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அம்மா வேலைக்கே உலை வைத்துவிட்டேனோ என்று. கடைசியில், "இப்பத்தான் உனக்குக் கணக்கு படிக்க வருது" என்றார். அந்த மாதத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கூட்டினார். அம்மாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் என்மேல் கோபமும்தான். "கேட்டு வாங்குனதுன்னு ஆயிருச்சே" என்றாள். நாலு வருஷப் பாக்கியைப் பற்றி ஐயா வாயைத் திறக்கவில்லை. அதை நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

2015-ல் காரைக்குடியில் இப்போது இருக்கிற கடையில் சேர்ந்தேன். சின்னக் கடை, ஆறு பேர். கண்டாங்கிச் சேலைதான் முக்கியம். பெரிய கட்டம், அகலக் கரை, மாம்பழ மஞ்சளும் அரக்குச் சிவப்புமாக. 2019-ல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு கேட்டு வருகிறவர்கள் கூடினார்கள், போலிகளும் கூடவே கூடின. (கைத்தறியா விசைத்தறியா என்று கேட்பவர்களுக்கு ஒன்று: கரையோரத்தில் சின்னச் சின்ன ஊசித் துளைகள் வரிசையாக இருக்கிறதா பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கிற குச்சியின் முள் தடம் அது.)

சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். மேல் ராக்கில் ஒரு ரகச் சேலை அசையாமல் கிடந்தது. ஒன்றிரண்டு போனாலும் முப்பத்தெட்டு மிச்சம். முதலாளி தள்ளுபடி போடமாட்டேன் என்றார், "எண்ணூத்திச் சொச்சத்துக்கு வாங்கல, எழுநூத்தி எண்பதுக்குத்தான் வாங்குனேன். 950-க்கு என்னைக்கு வித்தாலும் நூத்தி எழுபது லாபம்" என்று. எனக்கு வீட்டுக்குப் போயும் மனசு ஆறவில்லை. ஐயா சொன்னபடி போட்டுப் பார்த்தேன். கடை ஓடுவது ஒன்றரை வட்டிக்கு வாங்கின பணத்தில். 780 ரூபாய்க்கு ஒன்றரை வட்டி மாதம் 11 ரூபாய் 70 பைசா. சேலை வந்து பதினாலு மாதம். பதினாலு மாத வட்டி 163 ரூபாய் 80 பைசா. நூற்று எழுபதில் அதைக் கழித்தால் மிச்சம் ஆறு ரூபாய் இருபது பைசா. வாடகை, கரண்டு, எங்கள் சம்பளம் எல்லாம் அந்த ஆறு ரூபாய்க்குள்தான். அடுத்த மாதம் அதுவும் இல்லை.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். நின்றுகொண்டே கொடுத்தேன். முதலாளி படித்தார், கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார், இன்னொரு தரம் தட்டினார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டு, "உக்காரும்மா. மத்த ரகமெல்லாம் எப்படி இருக்கு?" என்றார். அன்று ராத்திரி ஹாஸ்டல் தோழி ஒருத்தியிடம் போனில் சொன்னேன், கடையில் நம்மைத்தான் உட்காரவிடமாட்டார்கள், சேலை மட்டும் பதினாலு மாதம் உட்காரலாம் என்று. அவள் இன்னும் சென்னையில்தான் இருக்கிறாள். சிரித்தாள், சிரித்துவிட்டு "கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களைத் திரட்டிப் போராடிய விஜி பற்றிப் படித்திருப்பீர்கள். தையல் வேலை பார்த்தவர். முதலில் கழிப்பறைக்காக, பிறகு நாற்காலிக்காக. 2018-ல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருஷம் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலிலும் அவர் பெயர் வந்தது. இங்கே 2021 செப்டம்பரில், 1947-ஆம் வருஷத்துக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்க சட்டசபையில் மசோதா வந்தது. வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும், அவ்வளவுதான் விஷயம். எழுபத்துநாலு வருஷம் ஆகியிருக்கிறது ஒரு ஸ்டூலுக்கு.

எங்கள் முதலாளி பயந்துபோய் மறுவாரமே நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஆறு பேருக்கு நாலு. சண்டை வரும் என்று நினைத்தேன். ஒருவரும் உட்காரவில்லை! ஸ்டூல்மேல் சேலைக் கட்டுதான் உட்கார்ந்தது. நான் இன்சார்ஜ் என்று பெயர், என் வயதுக்காரி ஒருத்தியிடம் உட்கார் என்றால், "முதலாளி இருக்காருல்ல" என்கிறாள். சரி என்று நானே போய் உட்கார்ந்தேன். இரண்டாவது நிமிஷம் கதவைத் திறந்துகொண்டு ஒரு வாடிக்கையாளர் வர, துள்ளி எழுந்ததில் ஸ்டூல் சாய்ந்து உருண்டு ஓடியது. பட்டதை உடம்பு மறக்கவில்லை. திண்ணை விளிம்பில் உட்கார்ந்த அதே உட்காரல்தான். பழகுவதற்கு எனக்கே ஒரு மாதம் ஆனது.

ஐயா 2019-லேயே தவறிவிட்டார், இந்த ஸ்டூல் கதையைக் கேட்க இல்லை. கேட்டிருந்தால், ஸ்டூல் என்ன விலை, எந்தத் தலைப்பில் எழுதினீர்கள் என்றுதான் கேட்டிருப்பார். ஆச்சி இருக்கிறார்கள். வீட்டுக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை போய் நான் எழுதிக் கொடுக்கிறேன், அதற்குச் சம்பளம் உண்டு, அதுவும் ஒரு தலைப்பாக நோட்டில் இருக்கிறது. வருஷா வருஷம் ஏறுகிறது. திண்ணையில் நான் இப்போது தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்காருவேன். அம்மா வேலை முடிந்து வந்தால் அதற்குக் கீழே படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வாள். மேலே வா என்றால், "இங்கதான் காத்து வருது" என்பாள்.

புதுப்பெண்ணிடம் வருகிறேன். "ஸ்டூல் கிடக்குல்ல, ஏன் அங்க குத்தவச்சிருக்க?" என்று கேட்டேன். பதறி எழுந்து, "பெட்டி எடுத்தேங்க்கா" என்றாள். இதற்கு முன்னால் எங்கே வேலை பார்த்தாள் என்று கேட்டேன். சொன்னாள். நான் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

அடுத்த நாள் காலையில் பையனை விட்டுக் கீழ் ராக்கு மொத்தத்தையும் காலி செய்து, பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி அடுக்கச் சொன்னேன். முதலாளி என்ன இது என்று பார்த்தார். ஸ்டாக் எடுக்க வசதி என்றேன். கீழே இழுக்க ஒன்றும் இல்லை என்று அவளுக்குப் புரிய அரைநாள் ஆனது. முதல் நாள் முழுக்க நின்றாள். இரண்டாம் நாள் ஸ்டூல்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் ஸ்டாக் நோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஸ்டூல் இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் எழுந்துவிடுவாள் என்று. கொஞ்ச நேரம் கழித்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "அக்கா, இதுல இந்த ரெண்டாவது எண்ணு எதுக்கு?" என்றாள்.

வாங்கின விலை என்றேன். நோட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன்.